நார்மல் என்று போட்டிருக்கிறதே, மாத்திரையை நிறுத்தலாமா?

நெஞ்சு வலி வந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், அட்டாக் வந்து பிழைத்து வீடு திரும்பியவர்களின் குடும்பங்களிலிருந்து வந்தவை. எல்லாக் கடிதத்திலும் ஏதோ ஒரு வரியில் கொலஸ்ட்ரால் வந்துவிடுகிறது. அதனால் இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரருக்கு 52 வயது. ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். நான்கு மாதம் முன்பு ஹார்ட் அட்டாக் வந்து, இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து அடோர்வாஸ்டாடின் 80 தினமும் போடுகிறார். போன வாரம் ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். மொத்த கொலஸ்ட்ரால் 142, எச்டிஎல் என்கிற நல்ல கொலஸ்ட்ரால் 36, ட்ரைகிளிசரைடு என்கிற கொழுப்பு 160, எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 74. பக்கத்திலேயே "100க்குக் கீழ் இருந்தால் நார்மல்" என்று அச்சடித்திருக்கிறது. "அதான் நார்மலுக்கு வந்துவிட்டதே, இனி எதற்கு இந்த மாத்திரை?" என்று நிறுத்தப் பார்க்கிறார். கொலஸ்ட்ரால் ரொம்பக் குறைந்தால் ஞாபகசக்தி போய்விடும் என்று கடைக்கு வரும் ஒருவர் வேறு சொல்லியிருக்கிறார். நிறுத்தலாமா? பாதியாகவாவது குறைக்கலாமா?
— வாசகி, விருதுநகர்

பதில்: நிறுத்தக் கூடாது அம்மா. அந்த 74 என்ற எண்ணைக் கொண்டுவந்ததே அந்த மாத்திரைதான். நமக்கு வேண்டிய கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரல் தானே தயாரிக்கிறது. அடோர்வாஸ்டாடின் போன்ற ஸ்டாடின் மாத்திரை அந்தத் தயாரிப்பைக் குறைக்கிறது. தன்னிடம் சரக்கு குறைந்ததும் கல்லீரல், ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்-ஐப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகளை அதிகமாக உருவாக்கிக்கொள்கிறது. அதனால்தான் ரத்தத்தில் அளவு இறங்குகிறது. (இந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985ல் நோபல் பரிசு கிடைத்தது.) மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் எல்லாம் பழையபடி ஏறிவிடும். ஏறும்போது உடம்பு எந்த அறிகுறியும் காட்டாது. அதுதான் எனக்குப் பயம். சர்க்கரை ஏறினால் தாகம் எடுக்கும், கொலஸ்ட்ரால் ஏறினால் ஒன்றும் தெரியாது.

அடுத்தது அந்த "நார்மல்". லேப் தாளில் அச்சடித்திருப்பது பொதுவாக எல்லாருக்கும் போடும் அளவு. ஒரு முறை அட்டாக் வந்தவருக்கு அது பொருந்தாது. ஐரோப்பிய இதயநோய் மருத்துவர் சங்கம் 2019லிருந்து சொல்வதும், நம் நாட்டு இதயநோய் மருத்துவர் சங்கம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்வதும் ஒரே எண்தான்: எல்டிஎல் 55க்குக் கீழே போக வேண்டும். அதோடு, சிகிச்சை ஆரம்பிக்கும் முன் இருந்த அளவில் பாதியாவது குறைந்திருக்க வேண்டும் என்பதும் கணக்கு. முதல் அட்டாக்குக்குப் பிறகு இரண்டு வருடத்துக்குள் இன்னொன்று வந்தவருக்கு 40க்குக் கீழே என்றுகூட ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது.

உங்கள் கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று எடுத்த ரத்தப் பரிசோதனை ஃபைலில் இருக்கும். அதைத் தேடி எடுங்கள். அன்று எல்டிஎல் 148 என்று இருந்ததாக வைத்துக்கொள்வோம். இப்போது 74. சரிபாதி குறைந்திருக்கிறது, மாத்திரை தன் வேலையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் 55க்கு இன்னும் தூரம் இருக்கிறது. ஆகவே உங்கள் வீட்டில் இப்போது கேட்க வேண்டிய கேள்வி, "டாக்டர், இன்னும் எப்படிக் குறைப்பது?" என்பதுதான்.

ஸ்டாடினில் இனி கூட்ட இடமில்லை. 80தான் உச்ச அளவு. பொதுவாகவே ஸ்டாடின் டோஸை இரு மடங்காக்கினால் எல்டிஎல் கூடுதலாக ஆறு சதவீதம் அளவுக்குத்தான் இறங்கும். அதனால் நாங்கள் வேறு வழியில் போகும் மாத்திரை ஒன்றைச் சேர்ப்போம். எசெடிமைப் 10 மி.கி. அது குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். ஸ்டாடினோடு சேர்த்தால் இருக்கும் அளவில் இன்னும் 20 சதவீதம் வரை குறையும். 74 என்பது 59 அளவுக்கு வரலாம். மிச்சமிருக்கும் நான்கைந்து புள்ளியைச் சாப்பாட்டில் எடுத்துவிட முடியும். அதைக் கீழே சொல்கிறேன். 80 ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு 40 ஆக்கி எசெடிமைப் சேர்ப்பதும் நாங்கள் செய்வதுதான். ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் உங்கள் டாக்டர். கடைக்கு வருகிறவர் கிடையாது.

ஸ்டென்ட் வைத்தாகிவிட்டதே, அடைப்பு போய்விட்டதே என்று உங்கள் கணவர் கேட்பார். என் வெளிநோயாளிப் பிரிவில் தினமும் கேட்கும் கேள்வி இது. அடைத்திருந்த ஒரு இடத்தை ஸ்டென்ட் திறந்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதே குழாயில் சற்றுத் தள்ளியும், மற்ற இரண்டு குழாய்களிலும், கழுத்துக் குழாயிலும் கொழுப்புப் படிவு இருக்கும். அட்டாக் பெரும்பாலும் எப்படி வருகிறதென்றால், அந்தப் படிவின் மேல்தோல் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடுகிறது. பாதிகூட அடைக்காத சின்னப் படிவும் அப்படிக் கிழியலாம். எல்டிஎல் நன்றாக இறங்கினால் படிவுக்குள் இருக்கும் கொழுப்பு குறைந்து மேல்தோல் கெட்டியாகிறது. ஸ்டென்ட் போக முடியாத இடமெல்லாம் இந்த மாத்திரை போகிறது.

இது வெறும் ஊகமாகச் சொல்வதில்லை. 1994ல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் அட்டாக்கோ ஆஞ்சைனாவோ (இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சு வலி) வந்த 4,444 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு முடிந்தது. சிம்வாஸ்டாடின் என்ற ஸ்டாடின் எடுத்தவர்களிடம், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட, ஐந்து வருட காலத்தில் இறப்பு 30 சதவீதம் குறைந்திருந்தது. அதன் பிறகு இந்தத் துறையே மாறிவிட்டது.

ஞாபகசக்தி பற்றி. மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்கிறது, ரத்தத்திலிருந்து வாங்குவதில்லை. பிறந்த குழந்தையின் எல்டிஎல் 30ஐ ஒட்டித்தான் இருக்கும், அந்த அளவோடுதான் அதன் மூளை வளர்கிறது. ஊசி மருந்து போட்டு எல்டிஎல்-ஐ 30 அளவுக்குக் கொண்டுவந்தவர்களுக்கு ஞாபகத் திறன் சோதனை வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு, வித்தியாசம் எதுவும் இல்லை. இதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

ஒன்று மறக்காமல் பாருங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தும் மனநிலையில் இருப்பவர் ஆஸ்பிரினையும், அதோடு கொடுத்திருக்கும் இன்னொரு ரத்த உறைவு தடுப்பு மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடுவார். ஸ்டென்ட் வைத்து நான்கு மாதத்தில் அதைச் செய்தால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடும் ஆபத்து இருக்கிறது. பல் பிடுங்கப் போனாலும் இதய டாக்டரிடம் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது.

கேள்வி: எனக்கு 61 வயது. பைபாஸ் செய்து ஒரு வருடம் ஆகிறது. ரோசுவாஸ்டாடின் 20 எடுக்கிறேன். தொடையில் வலி. ஸ்டாடின் தசையை அரித்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. இரண்டு வாரமாக மாத்திரை போடவில்லை.
— வாசகர், தூத்துக்குடி

பதில்: ஐயா, முதலில் வலி எப்படிப்பட்டது என்று பார்ப்போம். ஸ்டாடினால் வரும் தசை வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். தொடை, இடுப்பு, தோள் போன்ற பெரிய தசைகளில் வரும். மாத்திரை ஆரம்பித்த அல்லது டோஸ் கூட்டிய சில வாரங்களுக்குள் தலைகாட்டும். ஒரு பக்கத் தொடையில் மட்டும் வலித்தால், அல்லது இடுப்பிலிருந்து கால் வழியாக இறங்கினால், நான் முதுகெலும்பைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். நடக்கும்போது கெண்டைக்காலோ தொடையோ இறுகி, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் கால் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். அப்படியென்றால் ஸ்டாடின் உங்களுக்கு இன்னும் அவசியம்.

தசை பாதிப்பைக் காட்டும் சிபிகே என்ற ரத்தப் பரிசோதனை, தைராய்டு, வைட்டமின் டி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைவாக இருப்பவருக்குத் தசை வலியும் வரும், கொலஸ்ட்ராலும் ஏறும். அதைச் சரிசெய்தாலே இரண்டும் அடங்குவதைப் பார்த்திருக்கிறேன். வலியோடு சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது மிக அரிது. ஆனால் வந்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

அந்த வீடியோ பற்றி. உங்கள் வலி பொய் என்று நான் சொல்ல மாட்டேன். லண்டனில் 2020ல் ஒரு ஆய்வு செய்தார்கள். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாடினை நிறுத்திய 60 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு வருடத்தில் நான்கு மாதம் ஸ்டாடின், நான்கு மாதம் மருந்தில்லாத வெற்று மாத்திரை, நான்கு மாதம் எதுவுமே இல்லை, மாற்றி மாற்றி. எந்த மாதம் எந்த மாத்திரை என்பது அவர்களுக்குத் தெரியாது. தினமும் தங்கள் தொந்தரவுக்கு மதிப்பெண் போட்டார்கள். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8, ஸ்டாடின் மாதங்களில் 16. சரி, வெற்று மாத்திரை மாதங்களில்? அதுவும் 15க்கு மேல். வலி நிஜம்தான், ஆனால் அதில் பெரும்பங்கு மருந்தால் வந்ததில்லை, மாத்திரை போடுகிறோம் என்ற பயத்தால் வந்தது. முடிவைக் காட்டியதும் அவர்களில் பாதிப் பேர் மறுபடி ஸ்டாடின் எடுக்க ஆரம்பித்தார்கள்.

உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. டோஸைக் குறைக்கலாம், வேறு ஸ்டாடின் தரலாம், ரோசுவாஸ்டாடினை ஒருநாள் விட்டு ஒருநாள் தரலாம், எசெடிமைப் சேர்க்கலாம். பெம்பெடோயிக் ஆசிட் என்ற மாத்திரையும் இங்கே கிடைக்கிறது. அது கல்லீரலில் போய்த்தான் செயல்படத் தொடங்கும், தசையில் செயல்படாது. ஆனால் யூரிக் ஆசிட்டை ஏற்றும், கீல்வாதம் உள்ளவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

இருமலுக்கோ வயிற்றுப் புண்ணுக்கோ கிளாரித்ரோமைசின் எடுத்தீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். ரோசுவாஸ்டாடினோடு பெரிய சிக்கல் இல்லை, ஆனால் அடோர்வாஸ்டாடின், சிம்வாஸ்டாடின் எடுப்பவர்களுக்கு அது மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றித் தசை வலியைக் கொண்டுவரும். இயற்கை மருந்து என்று சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை வாங்கிப் போடுகிறவர்களும் தெரிந்துகொள்ளுங்கள், அதில் இருப்பதே லோவாஸ்டாடின் என்ற ஸ்டாடின்தான். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரட்டை டோஸ்.

இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பாருங்கள் ஐயா. பைபாஸில் வைத்த புதுக் குழாய்களிலும் கொழுப்பு படியும்.

கேள்வி: நாங்கள் நாகர்கோவில் பக்கம். தேங்காய் இல்லாமல் எங்களுக்குச் சமையலே கிடையாது. அவியல், தீயல், மீன் குழம்பு எல்லாவற்றுக்கும் அரைத்து விடுவோம். சமையலும் தேங்காய் எண்ணெயில்தான். மரச்செக்கில் ஆட்டியது. அப்பாவுக்கு அட்டாக் வந்த பிறகு டாக்டர் "எண்ணெயைக் குறைங்க" என்று மட்டும் சொன்னார். எதைச் சாப்பிடலாம், எதை விட வேண்டும் என்று விவரமாகச் சொல்லுங்கள்.
— வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: தேங்காயையும் தேங்காய் எண்ணெயையும் தனித்தனியாகப் பார்க்கலாம். எல்டிஎல்-ஐ ஏற்றுவதில் சாப்பாட்டில் உள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்புக்குத்தான் பெரிய பங்கு. தேங்காய் எண்ணெயில் அது கிட்டத்தட்ட 90 சதவீதம். நெய்யில்கூட 60 சதவீதத்தை ஒட்டித்தான். ரேஷன் பாமாயிலில் 40 சதவீதத்துக்கு மேல். கடலை எண்ணெயில் 20க்குள், நல்லெண்ணெயில் 15 அளவு. செக்கில் ஆட்டினாலும் மில்லில் ஆட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. செக்கு எண்ணெயின் வாசனை எனக்கும் பிடிக்கும், ஆனால் அப்பாவின் ரத்தக்குழாய்க்கு அதனால் சலுகை கிடைக்காது.

பாட்டிலில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் சொல்லும்படி இருக்காது. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்பதை.

அப்பாவுக்கு நான் சொல்வது இது. தாளிக்கவும் வதக்கவும் தேங்காய் எண்ணெயை விட்டுவிட்டு நல்லெண்ணெய்க்கோ கடலை எண்ணெய்க்கோ மாறுங்கள். எந்த எண்ணெயானாலும் ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குள். வீட்டில் நான்கு பேர் என்றால் இரண்டு லிட்டர் வாங்கி, அது மாதக் கடைசி வரை வர வேண்டும். அவியலை விட வேண்டாம். அரைத்து விடும் தேங்காயைப் பாதியாக்கி, காய்களைக் கூட்டுங்கள். கடைசியில் ஊற்றும் பச்சை எண்ணெயை மட்டும் நிறுத்துங்கள், கறிவேப்பிலையை நிறையப் போட்டால் மணம் வந்துவிடும். தினமும் தேங்காய்ச் சட்னிக்குப் பதில் தக்காளி, புதினா, கொத்தமல்லிச் சட்னி. தேங்காய்ப் பால் ஊற்றும் குழம்பும் ஆப்பமும் விசேஷ நாளுக்கு.

மீன் விஷயத்தில் உங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொடுப்பினை உண்டு. மத்தி, அயிலை இரண்டும் விலையும் குறைவு, நல்ல கொழுப்பும் அதிகம். புளி ஊற்றிக் குழம்பாக வாரம் இரண்டு மூன்று நாள் தாராளமாகக் கொடுங்கள். அதையே எண்ணெயில் முக்கிப் பொரித்தால் பலன் போய்விடும். கருவாடு உப்பு, பிரஷர் உள்ளவருக்கு ஆகாது. கோழியைத் தோல் இல்லாமல். ஆட்டுக்கறி மாதம் ஒரு முறை, ஈரல், குடல், மூளை வேண்டாம். முட்டையில் வெள்ளைக் கரு எவ்வளவு வேண்டுமானாலும், மஞ்சள் கரு வாரத்துக்கு இரண்டு மூன்று போதும்.

டீக்கடை வடையும் பஜ்ஜியும் அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுகிறார்கள். பப்ஸ், கிரீம் பன், வனஸ்பதி போட்டுச் செய்யும் இனிப்பு இவற்றையும் விட்டுவிடுங்கள். செயற்கை டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022லிருந்து சட்டம் இருக்கிறது. அதனால் நிலைமை முன்பைவிட நன்றாயிருக்கிறது, ஆனால் பப்ஸில் நிறைவுற்ற கொழுப்பு அப்படியேதான் இருக்கிறது.

கூட்ட வேண்டியவற்றை யாரும் சொல்வதில்லை, விட வேண்டியதையே சொல்கிறோம். கரையும் நார்ச்சத்து எல்டிஎல்-ஐ ஐந்து சதவீதம் வரைகூடக் குறைக்கும். ஓட்ஸ், பார்லி, கொள்ளு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், வெண்டைக்காய், கொய்யா, இரவில் தண்ணீரில் கலந்து குடிக்கும் இசப்கோல். மாலையில் மிக்சருக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டலும், கையளவு வேர்க்கடலையோ பாதாமோ கொடுத்துப் பாருங்கள்.

முதல் கடிதம் எழுதிய விருதுநகர் அம்மாவுக்கும் இது பொருந்தும். உங்கள் கணவரின் ட்ரைகிளிசரைடு 160, எச்டிஎல் 36. முன்னது கூடுதல், பின்னது குறைவு. இந்த ஜோடியை நம் ஊரில் மிக அதிகமாகப் பார்க்கிறேன். எண்ணெயைவிடச் சோறும் சர்க்கரையும்தான் ட்ரைகிளிசரைடை ஏற்றுகின்றன, மது குடித்தால் இன்னும் ஏறும். மூன்று வேளையும் அரிசியாக இருந்தால் ஒரு வேளையை மாற்றுங்கள், தட்டில் சோறு ஒரு பங்கு, காயும் பருப்பும் இரண்டு பங்கு இருக்கட்டும். மூன்று மாதச் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். டாக்டர் அனுமதித்தபின் தினம் அரை மணி நேரம் நடை.

இவ்வளவையும் செய்தால் எல்டிஎல் 10 முதல் 15 சதவீதம் குறையலாம். மாத்திரையோடு சேர்த்து இது பெரிய உதவி. மாத்திரைக்குப் பதிலாக இது போதாது.

கேள்வி: எனக்கு 29 வயது. அப்பாவுக்கு 44 வயதில் அட்டாக், சித்தப்பாவுக்கு 47ல். என் எல்டிஎல் 196. ஒல்லியாகத்தான் இருக்கிறேன், சைவம். ஏன் இப்படி?
— வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, இது பரம்பரையாக வரும் உயர் கொலஸ்ட்ராலாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எல்டிஎல்-ஐ உள்ளே இழுக்கும் ஏற்பியிலேயே பிறவிக் குறை. சைவமோ ஒல்லியோ இதை மாற்றாது. சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. உன் குதிகால் தசைநார் தடித்திருக்கிறதா, கண் இமை ஓரம் மஞ்சள் படலம் இருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். தாமதிக்காமல் சிகிச்சை ஆரம்பித்துவிடு. உன் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாரும் பார்க்க வேண்டும். கல்யாணமாகிக் குழந்தை பிறந்தால் பத்து வயதுக்குள் அதற்கும்.

லிப்போபுரோட்டீன் ஏ என்று ஒரு சோதனை உண்டு. வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். அதுவும் பரம்பரை, சாப்பாட்டால் மாறாது, நம் நாட்டவரிடம் அதிகம் காணப்படுவது. 50 மி.கி.க்கு மேல் இருந்தால் உன் எல்டிஎல்-ஐ இன்னும் கடுமையாகக் குறைக்க வேண்டும்.

மாத்திரைகளால் இறங்காவிட்டால் ஊசி இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தொப்பைத் தோலில் போட்டுக்கொள்வது ஒரு வகை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் இன்கிளிசிரான் இன்னொரு வகை. எல்டிஎல்-ஐப் பாதிக்கு மேலும் இறக்கக்கூடியவை. விலை இன்னும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாததுதான், அது எனக்கு வருத்தம்.

கேள்வி: மாத்திரையை இரவில்தான் போட வேண்டுமா? கொலஸ்ட்ரால் பார்க்க வெறும் வயிறு வேண்டுமா? எத்தனை மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: அடோர்வாஸ்டாடினும் ரோசுவாஸ்டாடினும் எந்த நேரமும் போடலாம், உங்களுக்கு மறக்காத நேரமே நல்ல நேரம். சிம்வாஸ்டாடின் மட்டும் இரவில். எல்டிஎல்-க்கு வெறும் வயிறு கட்டாயம் இல்லை, ட்ரைகிளிசரைடு 400க்கு மேல் உள்ளவருக்கு மட்டும் வேண்டும். அட்டாக்குக்குப் பிறகோ மருந்தை மாற்றிய பிறகோ 4 முதல் 12 வாரத்துக்குள் ஒரு முறை. இலக்கைத் தொட்ட பிறகு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும்.

கேள்வி: கொத்து வேலை செய்கிறேன். ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம். மாதா மாதம் மாத்திரைக்கு ஆகும் செலவு முடியவில்லை. எதை நிறுத்தினால் பரவாயில்லை?
— வாசகர், மதுரை மாவட்டம்

பதில்: எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், செலவைக் குறைக்க வழி இருக்கிறது. சீட்டில் பெரிய கம்பெனிப் பெயர் எழுதியிருந்தால், மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். மக்கள் மருந்தகத்திலும், 2025ல் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் அதே மருந்து மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். அரசு மருத்துவமனையில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் இலவசமாகவே தருகிறார்கள். ஸ்டென்ட் வைத்த ஃபைலையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு வருடம் முடிந்துவிட்டதால், இரண்டு ரத்த உறைவு தடுப்பு மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தலாமா என்று இதய டாக்டரே இப்போது முடிவு செய்வார், அதையும் கேளுங்கள்.

வாங்கும்போது மில்லிகிராமைப் பாருங்கள். இலவச மாத்திரை 10 மி.கி. ஆக இருக்கலாம். உங்கள் சீட்டில் 40 என்று இருந்தால் அதில் நான்கு போட வேண்டும். ஒன்று மட்டும் போட்டுவிட்டு, தினமும் தவறாமல் மாத்திரை எடுக்கிறேன் என்று என்னிடம் வருகிறவர்கள் பலர். அட்டையை டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டி, ஒரு வேளைக்கு எத்தனை என்று அட்டையின் மேலேயே பேனாவால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.